சக்கரவர்த்திக்கு அரை நீளம் பின்னால்

மாதம் பிறந்ததும் வாத்தியார் செய்யும் முதல் வேலை, குதிரை முதலாளிகளுக்குக் கடிதம் எழுதுவது. எழுதுவது என்றால் அவர் சொல்வார்; தீவன அறைக்கு மேலே இருக்கும் இரண்டு அறை வீட்டில், சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு அவருடைய மனைவி எழுதுவார். பந்தயத் திடலின் பின்சுவரை ஒட்டி இருக்கும் சின்ன லாயத்தின் பயிற்சியாளர் அவர். மொத்தம் பன்னிரண்டு குதிரைகள். வாத்தியார் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். மாணவர்கள் எல்லோருக்கும் நான்கு கால் என்பதைத் தவிர மற்றபடி அதுவும் பள்ளிக்கூடம்தான்: இரண்டு பேர் கெட்டிக்காரர்கள், மூன்று பேர் கடிப்பார்கள், மீதிப் பேர் சாப்பாட்டு மணிக்காகக் காத்திருப்பார்கள்.

அந்தக் கடிதங்களுக்கென்று ஒரு தனி மொழி உண்டு. 'நல்ல முன்னேற்றம்' என்றால் தீனியை மிச்சம் வைக்கவில்லை என்று பொருள். 'அனுபவம் பெற்று வருகிறது' என்றால் கடைசியாக வந்தது. 'தரையின் தன்மை ஒத்துக்கொள்ளவில்லை' என்றால், கடைசியாக வந்ததோடு மற்றவை வீடு போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. சவாரிக்காரரைப் புல்லில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பிவந்த ஒரு குதிரைக்கு, 'சுயமாகச் சிந்திக்கத் தொடங்கியிருக்கிறது' என்றே எழுதியிருக்கிறார்கள்.

"சக்கரவர்த்தியைப் பத்தி என்ன எழுதட்டும்?" என்றார் மனைவி.

"எழுது. 'கம்பீரம் கூடியிருக்கிறது.'"

"போன மாசமும் அதேதான் எழுதினோம்."

"முன்னால 'மேலும்'னு சேத்துக்கோ."

"முப்பது கிலோ எடைதாங்க கூடியிருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

'மேலும்' எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் திடல் அலுவலகத்துப் பியூன் படியேறி வந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அது வேறு மொழியில் இருந்தது. சுற்றிவளைப்பு இல்லாத மொழி. ஒரு பருவத்தில் ஒரு பந்தயமாவது ஜெயிக்காத லாயத்துக்கு அடுத்த பருவம் இடம் ஒதுக்கப்பட மாட்டாது. இந்தப் பருவம் முடிய இன்னும் மூன்று மாதங்கள். மேற்படி லாயத்தின் வெற்றிகள்: இல்லை.

வாத்தியார் இரண்டு தடவை படித்தார்.

"வீடும் சேர்ந்தா?" என்று கேட்டார்.

"லாயத்துக்கு மேலதானே வீடு இருக்கு? தனியா கழட்டியா கையில குடுப்பாங்க?"

பதினாறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். கீழே ஒரு குதிரை இருமினால், மேலே தூக்கத்திலேயே எந்தக் குதிரை என்று சொல்லிவிடுவார் மனைவி. வாத்தியாருக்கு வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழில் தெரியும் என்பதற்கும் அந்தக் கடிதத்தின்படி ஆதாரம் போதவில்லை.

*

சக்கரவர்த்தியின் சொந்தக்காரரை லாயத்தில் எல்லோரும் தொப்பி என்பார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். பக்கத்தில் வந்தால் சார். குளியலறைக் குழாய் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். "நாட்டுல பாதிப் பேர் காலையில மூஞ்சி கழுவறது என் தயவுல" என்பார். அது உண்மையாக இருக்கலாம்; லாயத்தில் அவர் இலவசமாகப் போட்டுக்கொடுத்த குழாய் மட்டும் பனிக்காலம் முழுக்க ஒழுகியது. பன்னிரண்டில் ஐந்து குதிரைகள் அவருடையவை. ஆகவே, அவர் குதிரைகளைப் பற்றிப் பேசினால் வாத்தியார் தொப்பியில்லாத தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

"ரத்தம்!" என்பார் தொப்பி. "எல்லாம் ரத்தத்துல இருக்கு வாத்தியாரே. இவனோட பாட்டனுக்குப் பாட்டன் மூணு கண்டத்துல ஓடினவன்."

"ஆமா சார்" என்பார் வாத்தியார். பாட்டனுக்குப் பாட்டனே எல்லாவற்றையும் ஓடித் தீர்த்துவிட்டதாக அவருக்குள் ஒரு எண்ணம். பேரனுக்குப் பேரனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

தொப்பி வருவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. அகல விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், கையில் ஒரு கேரட். பயிற்சித் தடத்தின் கம்பி வேலியருகே எப்போதும் ஒரே இடத்தில் நிற்பார். குதிரைகள் ஜோடி ஜோடியாக ஓடும். சக்கரவர்த்தி ஓடிவந்து அவர் முன்னால் சட்டென்று நிற்க வேண்டும், கேரட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அவருடைய டிரைவர் அதைப் படம் எடுக்க வேண்டும். இதுதான் சடங்கு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜோடியாக ஓடினால் ஒரு குதிரை முன்னால் வரும், மற்றொன்று பின்னால் வரும். சக்கரவர்த்தி முன்னால் வருகிற மாதிரி ஒரு ஜோடிக் குதிரை அந்த லாயத்தில் இல்லை. ஒரு ஞாயிறு, நொண்டிக்கொண்டிருந்த குதிரைகூட அவனைத் தாண்டிவிட்டது. கடைசியில், திடல் அலுவலகத்துக் கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, வாத்தியார் பொட்டுவைப் போட்டார்.

பொட்டு, நெற்றியில் ரூபாய் அளவுக்கு வெள்ளைப் புள்ளி உள்ள சின்னப் பெண் குதிரை. ஊரைவிட்டுப் போன ஒருவர் அழைத்துப்போக மறந்த கிழட்டுக் குதிரை, இதே லாயத்தில் ஈன்ற குட்டி. சொந்தக்காரர் வாத்தியாரின் மனைவி. அதனால் தோற்றுப்போனாலும் வீட்டுக்குள்தான் சண்டை. அதை ஓட்டுபவர் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, ஐந்தடி உயரம், எப்போதும் தோள் வலி.

"மச்சான், ஒரே ஒரு விஷயம்" என்றார் வாத்தியார். "எப்பவும் சக்கரவர்த்திக்கு அரை நீளம் பின்னால. அரைக் குதிரை நீளம். ஒரு நீளம் விட்டா நாம வேணும்னு பண்றோம்னு தெரிஞ்சுடும். கால் நீளம்னா சாருக்கு மனசு சங்கடப்படும். அரை. புரியுதா?"

"மாமா, இவ ஓடினா அவனை மூணு தடவை சுத்திட்டு வருவா."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சாருக்குத் தெரியணுமா?"

"அவன் நிக்கும்போது நான் என்ன பண்றது?"

"நிக்காம நேராப் போயிடு. கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற தண்ணித் தொட்டி வரைக்கும். படத்துல வேற குதிரை வந்தா சக்கரவர்த்தியோட தனித்தன்மை கெட்டுடும்னு சார் சொல்லியிருக்கார்."

ஆரம்பத்தில் ஒவ்வொரு ஞாயிறும் மச்சினர் பொட்டுவை இழுத்துப் பிடித்தே கை செத்துப்போவார். அக்காவிடம் வந்து தைலம் தடவச் சொல்வார். பனி விலகி, குதிரைகள் குளிர்கால ரோமத்தைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கத் தொடங்கியபோது, ஒரு நாள் தைலம் கேட்கவில்லை.

"என்னடா, சரியாயிடுச்சா?"

"இழுக்கவே வேணாம்க்கா. கடிவாளத்தை விட்டுட்டேன். தானா அரை நீளம் பின்னால ஓடறா. அவன் மெதுவாப் போனா இவளும் மெதுவா. அவன் நின்னதும் இவ நேராத் தொட்டிக்குப் போய் வாயை வெச்சுட்டா. நான் மேல உக்காந்து ஊரைப் பாத்துட்டு வந்தேன்."

எல்லோரும் பொட்டுவின் புத்தியை மெச்சினார்கள். வாத்தியார் தாமே அவளுக்கு ஒரு கேரட் கொடுத்தார். இதில் கவலைப்பட ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

*

திடல் அலுவலகத்துக் கடிதம் வந்த மறுவாரம் பொட்டு பந்தயத்துக்குப் போனாள். ஒன்பது குதிரைகளில் ஏழாவதாகக் கிளம்பி, வளைவில் ஒவ்வொன்றாகத் தாண்டி, முன்னால் ஓடிய செங்குதிரைக்கு அரை நீளம் பின்னால் வந்து சேர்ந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள், அதாவது அந்த இடத்திலேயே ஓடினாள். இரண்டாவது.

"துரதிர்ஷ்டம்" என்றார் வாத்தியார்.

அடுத்த பந்தயத்தில் நாட்டிலேயே வேகமான குதிரை ஒன்று ஓடியது. அதற்கும் அரை நீளம் பின்னால், இரண்டாவது. "அடேயப்பா! அவ்வளவு பெரிய குதிரைக்கு அரை நீளம்தான் வித்தியாசம்!" என்று வாத்தியார் கடிதத்துக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். அதற்கடுத்த பந்தயத்தில் ஓடிய மற்ற ஏழும் உப்புச்சப்பில்லாத குதிரைகள். அவற்றில் முதலில் வந்ததற்கும் அரை நீளம் பின்னால்.

மழை பிடித்தது. தடம் சேறானது. மச்சினரின் முகம் முழுக்கச் சேறு. முன்னால் ஓடும் குதிரை வாரியிறைத்த சேறு. அரை நீளத்தில் ஓடுகிறவர் முகத்தில்தான் அது சரியாக வந்து விழும். மழை நின்று தரை காய்ந்தது. அப்போதும் இரண்டாவது. நடுவர்கள் மச்சினரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே இழுத்துப் பிடிக்கிறாரா என்று விசாரித்தார்கள். அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். கடிவாளம் அழுத்திய தழும்பு ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு கையை எந்த ஜாக்கியிடமும் பார்த்ததில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஆறாவது தடவை இரண்டாவதாக வந்த அன்று, மனைவி பந்தய முடிவுகள் அச்சடித்த ஆறு தாள்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"ஏங்க, இங்க வாங்க. இதைப் படிங்க."

"ரெண்டாவது. ரெண்டாவது. தெரிஞ்சதுதானே? எதுக்கு வெந்த புண்ணுல…"

"வித்தியாசத்தைப் படிங்க."

வாத்தியார் படித்தார். அரை நீளம். அரை நீளம். அரை நீளம். நான்காவதுக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. ஆறாவதை மனதுக்குள்ளேயே படித்தார்.

"நாமதான் சொல்லிக் குடுத்தோம்" என்றார் மனைவி. "அவ தப்பே பண்ணலை. பாடத்தை ஒப்பிக்கிறா."

மறுநாள் புதன்கிழமை. மச்சினர் பொட்டுவைத் தடத்தில் சக்கரவர்த்தியோடு விட்டுப் பார்த்தார். பொட்டு அவனைத் தாண்டி, இன்னும் ஒரு சுற்று சுற்றி, இரண்டாம் தடவையும் தாண்டினாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ வார நாள்ல தாண்டறா" என்றார் வாத்தியார்.

"ஆமா."

"ஞாயித்துக்கிழமையும் பந்தயத்தன்னைக்கும் தாண்ட மாட்டேங்கறா. ரெண்டுத்துக்கும் பொதுவா என்ன இருக்கு?"

மச்சினர் வேலிப் பக்கம் கையை நீட்டினார். "தொப்பி" என்றார். "பந்தயத்தன்னைக்கு வேலி ஓரம் பூரா தொப்பி மாமா. தொப்பியைப் பாத்தா மரியாதை வந்துடுது இவளுக்கு."

*

மரியாதையைக் கற்றுக்கொடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதை மறக்கடிக்கப் பத்து நாள் இருந்தது. பருவத்தின் கடைசிப் பந்தயம் அதற்கடுத்த சனிக்கிழமை. பொட்டுவுக்கு ஏற்ற பந்தயம் அது ஒன்றுதான் பாக்கி.

தொப்பி தன்னுடைய இன்னொரு தொப்பியை, திடீரென்று மழை வந்தால் மாற்றிக்கொள்ள, தீவன அறையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். மனைவி அதை எடுத்துத் தூசி தட்டி லாடக்காரர் தலையில் வைத்தார். லாடக்காரர் வாரத்தில் மூன்று நாள் லாடம் அடிக்க வருகிறவர். தொப்பியைப் போலவே தொந்தி. தொப்பிக்கு இல்லாத நகைச்சுவை.

"நான் என்ன பண்ணணும் அண்ணி?"

"வேலிகிட்ட நில்லுங்க. கையில கேரட் வெச்சுக்குங்க. சார் மாதிரி இருங்க, போதும்."

"பேசலாமா?"

"பேசாம அவர் எப்ப இருந்திருக்கார்?"

லாடக்காரர் தோலங்கியைக் கழற்றிவிட்டு, சமையலறை ஸ்டூல்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். "ரத்தம்!" என்று கத்தினார். "எல்லாம் ரத்தத்துல இருக்கு! இவன் பாட்டனுக்குப் பாட்டன் மூணு கண்டத்துல ஓடினவன். எதுக்கு ஓடினான்? என்னை மாதிரி ஒருத்தன் துரத்தியிருப்பான்!" கூரைமேல் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. வாத்தியார் பழக்கதோஷத்தில், "ஆமா சார்" என்றார்.

முதல் நாள் பொட்டு, தொப்பியைப் பார்த்ததும் அரை நீளத்துக்கு இறங்கிவிட்டாள். இரண்டாம் நாள் வேலியைக் கடக்கும்வரை யோசித்துவிட்டு இறங்கினாள். மூன்றாம் நாள் சக்கரவர்த்தியின் கழுத்துவரை வந்தாள். ஐந்தாம் நாள் ஒத்திகை, பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை. வளைவு திரும்பியபோது சக்கரவர்த்தியோடு மூக்குக்கு மூக்கு சமமாக வந்துகொண்டிருந்தாள். மச்சினர் அவள் கழுத்தில் படுத்துக்கொண்டு, "தாண்டுடி, என் செல்லமே, தாண்டு, அது சார் இல்லை, லாடம்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். லாடக்காரர் உணர்ச்சிவசப்பட்டு, "என் குழாய்ல குளிக்காதவன் குளிக்காதவனே!" என்று இரண்டு கையையும் தூக்கினார்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு தொப்பி உள்ளே வந்தார். கூடவே இன்னொருவர், தொப்பியின் மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி. புதுச் சம்பந்தம். குதிரையைக் காட்டிப் பெருமையடிக்க வார நாளில் கூட்டிவந்திருந்தார். சம்பந்தி தலையிலும் ஒரு தொப்பி.

பொட்டு வேலியோரத்தில் மூன்று தொப்பிகளைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மரியாதையை அவள் செலுத்த நேர்ந்ததில்லை. அரை நீளம் போதாதென்று ஒன்றரை நீளம் பின்வாங்கினாள். சக்கரவர்த்தி முன்னால் வந்து, எந்தத் தொப்பி முன் நிற்பது என்று குழம்பி, கேரட் இருந்த தொப்பி முன் நின்றான். லாடக்காரர் கேரட்டை நீட்டியபடியே உறைந்து போயிருந்தார்.

"யார் இது?" என்றார் தொப்பி.

பதினாறு வருஷம் வாத்தியார் மாதம் தவறாமல் எழுதிய கடிதங்கள் அப்போதுதான் கைகொடுத்தன.

"சார்… நீங்க இல்லாத நாள்ல குதிரைங்க ஏங்கிப் போயிடுது சார். சரியா ஓடறதில்லை. அதான்… உங்க இடத்துல ஒரு ஆளை நிறுத்தி… ஒரு மாதிரி சமாதானம் பண்ணி…"

தொப்பி லாடக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். பார்வையில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி? என் தொப்பியைப் பாத்தாலே இந்தக் குதிரைக்கு இப்படி ஒரு ஓட்டம் வருது!"

"நான் இருக்கறதுல அவ்வளவு பாதிப்பு இருக்கா வாத்தியாரே?" என்று வாத்தியார் பக்கம் திரும்பிக் கேட்டார், சம்பந்திக்கு இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.

"ரொம்ப இருக்கு சார்" என்றார் வாத்தியார்.

"எவ்வளவுன்னு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார் மனைவி.

"அப்படின்னா முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை கடைசிப் பந்தயத்துல சக்கரவர்த்தியும் ஓடறான். நான் மாடியில உறுப்பினர் இடத்துல உக்காரப் போறதில்லை. கீழ வேலியோரமா நிக்கப் போறேன். சம்பந்தியும் வருவார். குதிரை முதல்லேர்ந்து முன்னாலதான் ஓடணும். பின்னால ஓடற பழக்கம் எங்க பரம்பரையிலேயே கிடையாது."

அவர் போன பிறகு லாடக்காரர் தொப்பியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "நல்லாத்தான் இருந்துது அண்ணி" என்றார். "கொஞ்ச நேரம் போட்டதுக்கே ஒண்ணும் தெரியாமலே எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

வாத்தியார் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. அஞ்சு நாள் உழைப்பு. இனிமே அவரே நேர்ல நிப்பார். பொட்டு ஏழாவது தடவையா ரெண்டாவது வருவா. வீட்டுச் சாமானைக் கட்ட வேண்டியதுதான்."

"சக்கரவர்த்தி ஜெயிச்சாலும் நம்ம லாயத்துக்குத்தானே மாமா?" என்றார் மச்சினர்.

"சக்கரவர்த்தியா?"

முதலில் சிரித்தது வாத்தியார்தான். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அது ஒரு தடவைதான்.

மனைவி சிரிக்கவில்லை. அவர் வேலியோரத்தில் தொப்பி வழக்கமாக நிற்கும் இடத்தையும், அங்கிருந்து கேட்டருகே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. ஆறு குதிரைகள்தான். பருவக் கடைசி என்பதால் நல்ல குதிரைகளையெல்லாம் ஓய்வுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். போட்டி என்று சொல்ல ஒரே ஒரு கறுப்புக் குதிரை. வேலியோரத்தில் எங்கு பார்த்தாலும் தொப்பி.

தொப்பி, முடிவுக் கம்பத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சம்பந்தி பின்னால் வந்தார். மனைவி அவர்களை வழிமறித்தார்.

"சார், அங்க போகாதீங்க. கம்பத்துகிட்ட ஏகக் கூட்டம். உங்களைக் குதிரைக்குத் தெரியவே தெரியாது. இங்க நில்லுங்க." அந்த இடம் கம்பத்துக்கு நூறடி முன்னால் இருந்தது.

"இங்கயா?"

"இங்கதான் ஆளே இல்லை. நீங்க மட்டும் தனியாத் தெரிவீங்க."

'நீங்க மட்டும் தனியா' என்ற வார்த்தைகள் தொப்பியின் மனதில் இறங்கின. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"வேற ஏதாவது பண்ணணுமா?"

"ஒண்ணுமே பண்ண வேணாம் சார். ஞாயித்துக்கிழமை எப்படி நிப்பீங்களோ, அப்படியே நில்லுங்க. எதுவும் குறையக் கூடாது."

தொப்பி தன் வெறுங்கையைப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டார். "கார்ல கேரட் இருக்கா பாரு" என்றார்.

மனைவி திரும்பிப் பார்க்காமல் நடந்து வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வாத்தியாருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பந்தயத் தாளைச் சுருட்டிச் சுருட்டி விரல் தடிமனுக்குக் கொண்டுவந்திருந்தார்.

குதிரைகள் கிளம்பும் கூண்டின் கதவுகள் திறந்தன. உத்தரவுப்படி சக்கரவர்த்தி முதலிலேயே முன்னால் போனான். மற்ற ஜாக்கிகள், போகட்டும், எப்படியும் மூச்சு வாங்கி நின்றுவிடுவான் என்று விட்டுவிட்டார்கள். பொட்டு இரண்டாவதாக வந்தாள். எவ்வளவு பின்னால் என்று சொல்ல வேண்டியதில்லை.

வளைவில் சக்கரவர்த்தியின் மூச்சு வேலிவரை கேட்டது. முப்பது கிலோ கம்பீரமும் சேர்ந்து ஆடியது. நேர்த்தடத்தில் கறுப்புக் குதிரை வெளிப்பக்கமாக நெருங்கத் தொடங்கியது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். "முடிஞ்சுது. அது இவனைத் தாண்டும். இவ அதுக்கு அரை நீளம் பின்னால போவா. என்னால பாக்க முடியாது."

"கண்ணைத் திறங்க" என்றார் மனைவி.

"வேணாம்."

"திறங்கன்னா!"

கம்பத்துக்கு நூறடி முன்னால், ஆளில்லாத வேலியருகே, வெள்ளைத் தொப்பியும் பைனாகுலரும் கேரட்டுமாக ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். சக்கரவர்த்தி அதைப் பார்த்தான். பந்தயம் என்றால் என்னவென்று அவனுக்கு எப்போதும் சந்தேகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. நான்கு காலையும் ஊன்றி, சவாரிக்காரரைக் கழுத்துவரை சறுக்கவிட்டு, வேலிப் பக்கம் ஒதுங்கி நின்றான். கழுத்தை நீட்டினான். தொப்பி, இத்தனை வருஷப் பழக்கத்தில், தாம் என்ன செய்கிறோம் என்பதை உணர்வதற்குள் கேரட்டைக் கொடுத்துவிட்டார். டிரைவரும் படம் எடுத்துவிட்டார்.

பொட்டுவுக்கு முன்னால் யாருமில்லை. அவள் தயங்கவில்லை. சக்கரவர்த்தி நின்றால் தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். படத்தில் விழாமல், நிற்காமல், நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். காதை மடக்கிக்கொண்டு பறந்தாள். மச்சினர் மேலே சும்மா உட்கார்ந்திருந்தார். கறுப்புக் குதிரையின் ஜாக்கி சாட்டையை எடுத்து, என்னென்னவோ கத்தி, எட்டிப் பிடிக்கப் பார்த்தார். பிடிக்க முடியவில்லை.

ஒலிபெருக்கி அறிவித்தது: முதலாவது, பொட்டு. வித்தியாசம், அரை நீளம்.

வாத்தியார் வேலிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்தார். மனைவி அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரிங்க. சாமான் கட்ட வேணாம்."

"நீ என்ன பண்ணின?"

"நான் என்னங்க பண்ணினேன்? ஞாயித்துக்கிழமை மாதிரி நில்லுங்கன்னேன். நின்னார்."

பொட்டு மட்டும் கம்பத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. அந்தத் திடலில் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று தேடிக்கொண்டு இன்னும் முக்கால் சுற்று போனாள்.

*

நடுவர்கள் வாத்தியாரையும் சக்கரவர்த்தியின் சவாரிக்காரரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். குதிரை ஏன் நின்றது?

"சொந்தக்காரரைப் பாத்துச்சு" என்றார் சவாரிக்காரர். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர்.

"அதனால?"

"நின்னுச்சு."

தொப்பியை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் கோபத்தில் சிவந்திருக்கும் என்று வாத்தியார் பயந்தார். முகம் சிவந்துதான் இருந்தது, பூரிப்பில். பின்னால் சம்பந்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களாய்யா!" என்றார் தொப்பி. "ஜெயிக்கிற நேரத்துல, கையெட்டற தூரத்துல கம்பம், பரிசு, எல்லாத்தையும் விட்டுட்டு என்னைப் பாத்து நின்னுடுச்சு. ஜெயிக்கத் தெரியாம இல்லை. விட்டுக் குடுத்தான். இதுக்குப் பேர்தான் ரத்தம்!"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சு சம்பந்தி" என்றார் சம்பந்தி.

நடுவர்கள் நீண்ட நேரம் எழுதினார்கள். கடைசியில் ஏட்டில் விழுந்த வாக்கியம் இது: 'குதிரை நின்றதற்கு உரிமையாளர் மீதுள்ள பற்றே காரணம் எனத் தெரியவருகிறது.' கடிதங்கள் எழுதிப் பழகிய வாத்தியாருக்கே பொறாமை வந்தது.

வெற்றிபெற்ற குதிரையைப் படம் எடுக்கும் இடத்துக்கு எல்லோரும் போனார்கள். தொப்பியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு எங்கேயும் இருந்ததில்லை. அவர் நேராகப் போய் நடுவில் நின்றுகொண்டார். "முதல்லேர்ந்து வழி காட்டிக் கூட்டிட்டு வந்தது என் குதிரைதானே? அந்தப் பொண்ணுக்கு ஜெயிக்கக் கத்துக் குடுத்ததே அவன்தான்" என்றார். வாத்தியார் பழக்கதோஷத்தில், "ஆமா சார்" என்றார். மனைவி அவர் காலை மிதித்தார்.

படக்காரர் கேமராவைத் தூக்கினார். பொட்டு கேமராவைப் பார்த்தாள். கேமராவுக்கு முன்னால் வெள்ளைத் தொப்பி. இந்த இடத்தில் தான் இருக்கக் கூடாது என்பது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். மச்சினரை மேலே வைத்தபடியே நடையைக் கட்டினாள். மனைவி கடிவாளத்தைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். வாத்தியார், "நில்லுடி, இன்னைக்கு நிக்கலாம்டி!" என்று மனைவிக்குப் பின்னால் ஓடினார்.

அடுத்த பருவத்துக்கு இடம் ஒதுக்கிய கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. அதோடு படத்தின் ஒரு பிரதியும் வந்தது. அடியில் 'பருவத்தின் கடைசிப் பந்தயம்: வெற்றியாளர்' என்று அச்சடித்திருந்தார்கள். நடுவில் தொப்பி, நிமிர்ந்த தலையோடு, தனியாக. படத்தின் இடது ஓரத்தில் ஒரு வால், அதைப் பின்தொடரும் ஒரு கை, ஒரு முழங்கால்.

மனைவி அதைச் சட்டம் போட்டுத் தீவன அறையில் மாட்டினார்.

"கை யாரோடது?" என்று கேட்டார் லாடக்காரர்.

"என்னோடது."

"முழங்கால்?"

"உங்க அண்ணனோடது."

லாடக்காரர் கிட்டத்தில் போய் உற்றுப் பார்த்தார். வாலிலிருந்து தொப்பி நிற்கும் இடம்வரை கட்டைவிரலால் அளந்தார். லாடம் அடிக்கிறவர், அளவில் தப்ப மாட்டார்.

"கரெக்டா அரை நீளம் இருக்கு அண்ணி" என்றார். "ஆனா இந்தத் தடவை தொப்பிதான் பின்னால."